இரண்டு நீல நிலங்கள்

வியாழன் இரவு, தார்த்து நகரம்.
சலவைக்கடையின் மேல்மாடி; வெளியே மைனஸ் இருபத்தொன்று.
கீழே யாருடைய கம்பளிகளோ சுழல்கின்றன,
எங்கள் மேசை லேசாக நடுங்குகிறது.

எதிரே தார்வோ.
பல்கலைக்கழகக் கேன்டீனில் தட்டு கழுவுகிறவன்.
விரல்நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியிருக்கும்.

என் முறையில் நான் எதுவும் செய்வதில்லை.
ஓர் அட்டை எடுப்பேன், ஒரு நிலம் வைப்பேன்,
"உன் முறை" என்பேன்.
இரண்டு நீல நிலங்கள் மட்டும்
சாயாமல் நிமிர்ந்து நிற்கும்.
செலவழிக்காத காசுக்கு இருக்கும் மரியாதை
செலவழித்த காசுக்கு ஏது?

அவன் கையில் ஒரு பறக்கும் நாகம் இருக்கிறது.
அதை வலது ஓரத்துக்கு நகர்த்துகிறான்,
என் நிலங்களைப் பார்க்கிறான்,
மறுபடி உள்ளே செருகிவிட்டு
ஏதோ ஒரு பூதக்குட்டியை இறக்குகிறான்.
பதினொரு வாரமாக இப்படி.
என் கையில் இருப்பது:
இன்னும் நான்கு நிலங்கள், ஒரு தவளை.

புதிதாக வந்த ரைகோ, பேருந்து ஓட்டுநர், கேட்டார்:
முதலில் சொன்னதுதானே முதலில் நடக்கும்,
பின்னால் வரும் மந்திரம் அதை எப்படி மறிக்கும்?

தார்வோ சிரித்தான்.
"அடுக்கில் கடைசியாக வைத்த தட்டைத்தான்
நான் முதலில் எடுப்பேன்.
நாகம் என்கிறேன். நடக்காது, அடுக்கில் காத்திருக்கும்.
இவள் 'இல்லை' என்பாள். அது அதன் மேலே.
'உன் இல்லைக்கு ஓர் இல்லை' என்பேன். அதற்கும் மேலே.
பிறகு மேலிருந்து கழுவிக்கொண்டு வருவோம்."

யாருமே வாய் திறக்காவிட்டால்?

மௌனம் சம்மதம். நாகம் இறங்கும்.

அழிப்பது வேறு, முறிப்பது வேறு.
அழித்தால் இருந்தது என்றாவது ஆகும்.
முறித்தது வரவே இல்லை;
படியில் கால் வைக்கும் முன்பே கதவு.

ஞாயிறுகளில் ஊர்வே வீட்டில் பகடை ஆட்டம்.
அங்கே சட்டம் இன்னும் கடுமை.
"மந்திரவாதி கையை உயர்த்துகிறான், உதடுகள் அசைகின்றன"
என்பாள் ஊர்வே. அவ்வளவுதான்.
என்ன மந்திரம் என்று கேட்கக் கூடாது.
அவன் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

சொன்னேன். பகடையில் பதினேழு.
அவன் சொல் பற்களுக்கு இடையிலேயே பொடியானது.
மேசையைச் சுற்றிக் கைதட்டல்.
பிறகு அந்த நிலவறையில் தண்ணீர் ஏறியது,
முழங்கால், இடுப்பு, தாடை.
நால்வரும் செத்தோம்.

கோப்பைகளை அலசும்போது ஊர்வே
குழாய்ச் சத்தத்துக்குள் சொன்னாள்:
"அது கதவு திறக்கும் மந்திரம்.
அவன் உங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தான்."

அக்டோபரில் என் தங்கை மைரே அழைத்தாள்.
"லேலோ, நான் உன்னிடம் ஒன்று..."
"என்னிடம் பணம் இல்லை" என்றேன்.
"சரி" என்றாள்.
பணம்தான் கேட்க வந்தாளா?

இந்த வியாழன்
பன்னிரண்டாவது வாரம்.
தார்வோவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.
நிலங்களையெல்லாம் சாய்த்தான்,
நாகத்தை மேசையில் வைத்தான்,
உறைக்குள் அதன் செதில்கள் மின்னின.
"சரியா?"

முதல் முறையாக, உண்மையாகவே,
என் கையில் அந்த அட்டை இருந்தது.
முறித்தேன். ஆட்டம் ஆட்டம்தானே.
"இத்தனை நாளும் வைத்திருந்தாயா, பாவி?"
"இல்லை. இன்றைக்குத்தான்."
அவன் தலையை மேசையில் முட்டிக்கொண்டு சிரித்தான்.

படியிறங்கினேன்.
உலர்த்தும் இயந்திரம் ஒன்று
காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி மைரேயின் எண்ணை அழுத்தினேன்.
நான்காவது மணியில் எடுத்தாள்.
"அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தாயே" என்றேன்.

அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.
நான் கையுறையின் நுனியைப்
பற்களால் கடித்துக்கொண்டேன்.